வாளிச் செடிகளின் நுனியைக் கிள்ளியது யார்

என் மனைவிக்கு மூச்சிழுப்பு வந்த நாளிலிருந்து நான் சந்தேகப்படாத பொருள் எங்கள் தெருவில் ஒன்றுகூட மிச்சமில்லை. முதலில் அடுப்பைச் சந்தேகப்பட்டேன். பிறகு என் தொழிலைச் சந்தேகப்பட்டேன். அதற்கப்புறம் மரங்களை, எதிர்க்கடைக்காரரை, அவர் கொடுத்த வாளிகளை. அந்தச் சந்தேகம் எப்படி ஊரைச் சுற்றிவிட்டு என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனில், பஸ் நிலையத்துக்கு ஏறிப்போகிற ஒரு ஒடுக்கமான தெருவில் எங்களுக்குக் குடை தைக்கிற கடை. குடைதான் முக்கியம். பைக்கு ஜிப் மாற்றுவது, மழைக்கோட்டுக் கிழிசலை ஒட்டுவது, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்குக் கயிறு வைப்பது எல்லாம் பக்க வேலை. கம்பி வேலை என்னுடையது, துணி வேலை அவளுடையது. வெளிச்சம் வாசலில்தான் விழும் என்பதால் தையல் மிஷினையும் வாசலை ஒட்டியே போட்டிருக்கிறோம். கடைக்குப் பின்னால் படி ஏறினால் வீடு. அந்தப் படி நடுவில் ஒரு திருப்பம் எடுக்கும். திருப்பத்தில் ஒரு கல் உண்டு. இழுப்பு வந்தபின் அவள் அந்தக் கல்லில் உட்காராமல் வீட்டுக்குப் போனதில்லை.

கடைக்கு நேர் முன்னால்தான் அக்கரப்பத்தனைப் பக்கம் போகிற பஸ்கள் நிற்கும். குளிரில் நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது என்று எஞ்சினை அணைக்கவே மாட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள். கட்டடங்களை ஒட்டி வரிசையாக வாகை மரங்கள். இந்தப் பக்கத்து மரமும் அந்தப் பக்கத்து மரமும் தெருவுக்கு மேலே கை கோத்துக்கொண்டு நிற்கும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, "குடுத்து வச்சவங்க நீங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மனுஷர் பேசுகிற பேச்சு எனக்குப் பெரிய பிரியம். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. மீதியைக் குடை சுற்றி வருகிற பழைய பேப்பரில் படித்தேன், இப்போது போனில் படிக்கிறேன். ஆனால் உருப்படியாகப் படித்ததெல்லாம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற சனங்களிடம்தான். ஒரு முறை ஒரு அம்மா கரும்புகை கக்கிக்கொண்டு நின்ற பஸ்ஸைக் காட்டி, "இருமுறது அது, மருந்து குடிக்கிறது நாம" என்றார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சிரித்தேன். ஆனால் என் மனைவி தன் மூச்சைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. "நெஞ்சுக்குள்ள யாரோ ஒக்காந்து மாவு சலிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். காதை வைத்துக் கேட்டேன். உண்மையிலேயே சல்லடைச் சத்தம்.

விறகடுப்பை நிறுத்திப் பார்த்தோம். சல்லடை நிற்கவில்லை. ஈரக் குடைகளில் பூக்கிற பூஞ்சணம் என்று நினைத்து, பழைய குடைகளையெல்லாம் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றினேன். அப்போதும் நிற்கவில்லை. கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா சிங்களவர், எங்களுக்காகத் தமிழை மெல்ல மெல்லக் கோத்துப் பேசுவார்.

"வீடு பக்கம் என்ன இருக்கு?"

"மரம் இருக்குங்க டாக்டர். பெரிய பெரிய மரம்" என்றேன் பெருமையாக.

"மரம் நல்லது. புகை?"

 அதற்கு என் மனைவிதான் பதில் சொன்னாள். "பஸ்ஸு நிக்குங்க. மிஷினுக்கு முன்னாடியே நிக்கும்."

டாக்டரம்மா உறிஞ்சுகிற மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மழை முடிவதற்குள் குறையாவிட்டால் மிஷினை விடணும், இடத்தையும் மாத்தணும் என்றார். இடம் மாற்றுவது என்றால் எங்களுக்கு ஒரே ஒரு இடம்தான். அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டத்தில் அவள் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிற லயக் காம்பிரா, வரிசை வீட்டில் ஒற்றை அறை. அங்கே இன்னொரு ஆளுக்குத்தான் இடம் உண்டு. இரண்டு பேருக்குக் கிடையாது. அவள் அங்கே, நான் கடையில். வீடு திரும்புகிற பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள், "நான் போக மாட்டேன். சொல்லிப்புட்டேன்." 

ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில்தான் மரங்கள் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. வழக்கம்போலக் கடைக்குச் சாம்பிராணி போட்டேன். தூபக்காலில் இருந்து புகை நேராக மேலே போனது. போய், மரக்கிளைகளுக்குக் கீழே முட்டி, ஒரு நிமிஷம் யோசிக்கிற ஆள் மாதிரி நின்று, அப்படியே சுருண்டு எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது.  தூபக்காலைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மரமில்லாத கீழ்த் திருப்பத்தில் போய் நின்றேன். அங்கே புகை அது பாட்டுக்கு மேலே போய்விட்டது. திரும்ப மரத்தடிக்கு வந்தேன். திரும்பவும் முட்டி இறங்கியது. இப்படி நான் மேலும் கீழும் நடந்ததைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கேட்டாள்:

"என்னாண்ணே, தெருவுக்கே கண்ணு பட்டுருச்சா?"

"பட்டுருச்சும்மா. யார் கண்ணுன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அன்றைக்குப் போனில் தேடிப் படித்தேன். இலை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் உயரக் கட்டடம் எழும்பின ஒடுக்கத் தெருவில், மரத்தலைகள் நெருங்கி மூடிவிட்டால், கீழே விடுகிற புகை மேலே போக வழியில்லாமல் ஆட்கள் மூச்சு விடுகிற உயரத்திலேயே தங்கும் என்றும் இருந்தது. எழுதினவர் எந்த ஊர்க்காரரோ, அவருக்கு எங்கள் குளிரும் மூடுபனியும் தெரியுமோ தெரியாதோ என்று அவர் மேலும் ஒரு சந்தேகம். ஆனாலும் சாம்பிராணிப் புகையும் அதையேதான் சொன்னது. நிழல் தருகிறது என்று அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்ட மரம், பானைக்கு மூடி மாதிரி எங்களை மூடி வைத்திருக்கிறதா? இத்தனை வருஷம் அதற்குத் தலையாட்டினேனா?

இதை நான் எதிரே ஆணி, பெயிண்ட் விற்கிற ஹாட்வெயார் கடை முதலாளியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அண்ணே, வெட்டிருவோம். நகரசபைக்கு நானே ஒங்க கூட வாறேன். தங்கச்சி நெஞ்சு என்னாத்துக்கு ஆவுறது?"

எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டு நெஞ்சு மேல் இந்த மனுஷனுக்கு எப்போதிருந்து இவ்வளவு அக்கறை? அண்ணாந்து பார்த்தேன். அவர் கடைப் பெயர்ப்பலகையின் பாதியை ஒரு வாகைக் கிளை மறைத்துக்கொண்டிருந்தது. சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக்கொண்டு கீழே இறங்கி, எட்டுகிற கிளையில் ஒரு இலையைத் துடைத்து, துணியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அடுப்புக்கரி துடைத்த மாதிரி கறுப்பு.

"இது அம்புட்டும் மரம் புடிச்சி வச்சிருக்கு. மரம் இல்லைன்னா இது எங்க போவும்? எனக்குத்தானே வரும்? மரத்த வெட்டிட்டா பஸ்ஸு பொகைய விடாம போயிருமா?"

இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். 

மரம் குற்றவாளியா சாட்சியா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. நல்லவேளையாக மழைக்கு முந்தி மின்கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்ட ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, மரத்தை மொட்டையடிக்காமல், தேயிலை மலையில் நிழல் மரத்துக்கு வெட்டுகிற மாதிரி உள்கிளையைக் கழித்து, நடுவில் வானம் தெரிகிற மாதிரி விடச் சொன்னேன். "தேயில இல்லியேண்ணே, யாருக்கு வெயிலு?" என்று ஒருவர் கேட்டார். "கீழ எம் பொண்டாட்டி இருக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து வெளியே போனது. ஹாட்வெயார் பலகையை மறைத்த கிளையும் போய்விட்டது. அதற்கு அவர் எனக்கு நன்றி சொன்னபோது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

அவளுக்குக் கொஞ்சம் லேசானது. கொஞ்சம்தான். மிஷினில் உட்கார்ந்தால் திரும்பவும் சல்லடை. பஸ்ஸின் புகைக்குழாய் தரையை ஒட்டி இருக்கிறது. அவள் உட்கார்ந்தால் முகம் அதற்கு நேரே வருகிறது. நடுவில் மறைப்பு வேண்டும். நான் படித்ததிலேயே இன்னொன்றும் இருந்தது. உயர மரத்தைவிட, வாகனத்துக்கும் ஆளுக்கும் நடுவில் நெருக்கமாக வளர்ந்த செடிவேலி, தலையளவு உயரம் நின்றால், புகையை ஓரளவு தடுத்துத் திருப்பிவிடுமாம். அதனால் எங்கள் வாசலில் வேலி வைப்பது என்று முடிவெடுத்தேன். தரை முழுக்க சிமெண்ட். செடியை எதில் வைப்பது?

ஹாட்வெயார் முதலாளி பெரிய பெரிய வெற்றுப் பெயிண்ட் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சும்மா எடுத்துக்கங்கண்ணே."

சும்மா! அந்த ஆள் சும்மா ஆணி ஒன்று கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாளியையும் மூன்று தரம் கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, செடி வளர்த்து விற்கிற நாற்றுமேட்டுக்காரரிடம் வாங்கின கன்றுகளை நட்டேன். அவர் சிங்களத்தில் ஏதோ பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது வேலிச் செடி. தடித்த சின்ன இலை, தளிர் பளபளவென்று வெளிர் பச்சையாக வரும். வாசலை ஒட்டி, மிஷினுக்கு முன்னால், வரிசையாக வைத்தேன்.

செடி தழைத்தது. ஆனால் உயரவில்லை.

மழை தொடங்கியது. எல்லாச் செடியும் இடுப்பளவுக்கு வந்து நின்றுகொண்டது. நின்றது என்றால் ஒரே மட்டமாக, நூல் பிடித்த மாதிரி. நுனியைப் பார்த்தேன். தளிர் இல்லை. இன்றைக்குத் தளிர் விட்டால் நாளைக்கு அந்தியில் அது காணாமல்போகிறது. ஆடு கடித்தால் இலை கிழிந்திருக்கும். பூச்சி என்றால் ஓட்டை இருக்கும். இது நகத்தால் வெடுக்கென்று கிள்ளின மாதிரி சுத்தமான வெட்டு. அதைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானும் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன்தானே. ஆனால் சந்தேகம் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டால் மற்றப் பக்கத்துக் கண் தெரியாது.

என் சந்தேகம் எதிரே திரும்பியிருந்தது. வேலி தலையளவு உயர்ந்துவிட்டால் இந்தப் பக்கம் நிற்கிற சனத்துக்கு அவர் கடை தெரியாது. அதனால்தான் வாளி கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு நுனியைக் கிள்ளுகிறார். அடுத்த கிளினிக் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் போன் பண்ணி, கட்டில் ஒன்று தயார் பண்ணி வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கட்டில் என் நெஞ்சில் வந்து விழுந்தது.

கண்காணிப்பது என்று முடிவு பண்ணினேன். ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, தைக்கிற மாதிரி உட்கார்ந்தேன். துணியில் ஒரு கிழிசல். அதன் வழியாகத் தெரு பூராவும் தெரிந்தது.

"எத்தன நாளைக்கு அந்த ஒரு கொடையவே தைப்பீங்க?" என்றாள் மனைவி.

"கஷ்டமான கொடை."

காலையில் ஹாட்வெயார் முதலாளி தெருவைக் கடந்து வந்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். வாளிப் பக்கம் குனிந்தார்.  குடையை வீசிவிட்டு வெளியே பாய்ந்தேன்.

"என்னா மொதலாளி செய்யிறீங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையில் ஒரு கோப்பை. வாளி மண்ணில் தேயிலைச் சக்கை.

"எங்க கடைத் தேத்தண்ணிச் சக்கைண்ணே. செடிக்கு நல்லதுன்னு தெனம் போடுறேன். ஒங்ககிட்ட சொல்லலை, நீங்க வேற எல்லாத்துக்கும் மொறைக்கிறீங்க."

நான் உள்ளே வந்து குடையை எடுத்துக்கொண்டேன். சக்கை போட்டது சரி. ஆனால் ஏன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போட்டார்? அதை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.

அவர் போனபின் அக்கரப்பத்தனை பஸ்ஸுக்குப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். டவுனுக்குச் சாமான் வாங்கவும், கிளினிக்குக்கும், வங்கிக்கும் வந்து திரும்புகிறவர்கள். வேலிக்கு அந்தப் பக்கம், பஸ்ஸுக்கும் செடிக்கும் நடுவில், எங்கள் கடையைப் பார்த்து நின்றுகொண்டு என் மனைவியோடு பேச்சுக்கொடுத்தார்கள். அவளும் மிஷினை விட்டு எழுந்து வந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். எந்தத் தோட்டத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த மலையில் கொழுந்து இல்லை, எந்தக் கங்காணி வாய் நீளம் என்று பேச்சு ஓடியது. நான் கிழிசல் வழியே அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் முகத்திலும் கள்ளம் இல்லை. அலுத்துப்போய்க் கண்ணைக் கீழே இறக்கினேன்.

கீழே இறக்கினால், கைகள்.

அத்தனை கைகளும் வேலை செய்துகொண்டிருந்தன. வாய் பாட்டுக்கு வாய் பேச, கண் பாட்டுக்குக் கண் பஸ் வருகிற பக்கம் பார்க்க, விரல்கள் செடியின் மேல் மட்டத்தில் ஓடி, தளிரைத் தேடி, இரண்டு இலையும் மொட்டுமாக வெடுக் வெடுக்கென்று கிள்ளிக்கொண்டிருந்தன. உள்ளங்கை நிறைந்ததும் ஒரு பெண், பேச்சை நிறுத்தாமலேயே, கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் போட்டாள். முதுகில் கூடை இல்லை. தளிர்கள் ரோட்டோரத்து வடிகால் கானில் விழுந்தன. அந்தக் கானிலிருந்து தினமும் அவற்றை மர இலையோடு மர இலையாகப் பெருக்கித் தள்ளியவன் நான்தான்.

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாதியில் நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த இரண்டு கைகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தன. மற்றவர்களைவிட வேகமாக. கொழுந்து மலையை விட்டு டவுனுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அவள் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையும் மறக்கவில்லை. தன் மூச்சைக் காக்க வைத்த வேலியை அவளே மட்டம் பிடித்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இந்தா புள்ள" என்றேன். "கைய காட்டு."

அவள் கையைப் பார்த்தாள். உள்ளங்கை நிறையத் தளிர். அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியாது.

"ஐயையோ... கை தானா போயிருச்சுங்க."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு அக்கா வெடித்துச் சிரித்தார்.

"அண்ணே, மூக்குக்கு முன்னாடி கொழுந்த வளத்து வச்சிக்கிட்டு கிள்ளாதன்னா எப்புடி? பேரு போட்டு நாள் சம்பளம் குடுங்க, மலைக்கே போவாம இங்கயே பறிக்கிறோம்!"

"அரச் சம்பளத்துக்கு அரப்பேர்தான் போடுவாரு, மூஞ்சியப் பாரு" என்றாள் இன்னொருத்தி.

நான் செடி எதற்கு என்று சொன்னேன். கிளினிக்கையும் சொன்னேன், கட்டிலையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. என் மனைவி தலை குனிந்துகொண்டாள். தன் நோயை நாலு பேர் அறிவது அவளுக்குப் பிடிக்காது. அந்த அக்காதான் பேசினார்.

"சரி, இனி உச்சிய தொட மாட்டோம். பக்கத்துல கிள்ளிக்கிறோம். கை சும்மா நிக்காதுண்ணே."

அது வசதியாகவே அமைந்தது. இதுவரை கிள்ளினதில் செடி அடியில் தேயிலை மாதிரிக் கிளைத்து, கை நுழைய முடியாத நெருக்கம் ஆகியிருந்தது. இப்போது உச்சியை விட்டதும் மளமளவென்று ஏறியது. யாராவது மறதியில் மேலே கையை வைத்தால் மற்றவள் கங்காணிக் குரலில் அதட்டுவாள், "ஏய், மேல் மட்டத்த தொடாத, தொரை பாக்குறாரு!" தொரை நான்தான். குடை தைக்கிற தொரை.

மிஷினில் உட்கார்ந்தால் அவள் தலைக்கு மேல் செடி வந்த சமயம். ஒரு நாள் அந்த அக்கா பக்கவாட்டில் கிள்ளிவிட்டுத் தன் விரலைப் பார்த்தார். கறுத்திருந்தது. பஸ் பக்கத்து இலையெல்லாம் புகை படிந்து மங்கியிருந்தது. எங்கள் பக்கத்து இலையை என் மனைவி தடவிக் காட்டினாள். அவள் விரலில் லேசான கறைதான். அந்த அக்கா இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாங்க நிக்கிற எடத்துல இதத்தான் முழுங்கிக்கிட்டிருக்கோமா?"

 பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு அந்தியில் என் மனைவி மிஷினை மூடிவிட்டுச் சொன்னாள், "வாளியெல்லாத்தையும் ரோட்டு ஓரத்துக்கு மாத்திருவோங்க. அவங்க உள்பக்கமா நிக்கட்டும்."

எனக்குப் பயம். செடி வாசலை விட்டுத் தள்ளிப் போனால் அவளுக்கு மறைப்பு குறையாதா? இப்போதுதானே ஏதோ பலன் தெரிகிற மாதிரி இருக்கிறது? "ஒனக்குத்தான் இழுப்பு, அவங்களுக்கில்ல" என்றேன்.

"அவங்களுக்கும் வரட்டும்னு காத்துக்கிட்டிருக்கோமா?"

 இந்தப் பெண் என்னிடம் பதில் இல்லாத கேள்வியாகத்தான் எப்போதும் கேட்பாள்.

அடுத்த நாள் பெண்களே வாளிகளை இழுத்தார்கள். ஹாட்வெயார் முதலாளியும் கை கொடுத்தார். ரோட்டு விளிம்பில் வரிசையாக வைத்து, பஸ் கதவு திறக்கிற இடத்தில் மட்டும் ஒரு வழி விட்டோம். வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, "யாரு ரோட்டுல தோட்டம் போட்டது?" என்று கத்தினார். "ஏன், ஒங்களுக்கு வேலை வேணுமா?" என்று வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். அதற்குப் பிறகுதான் நான் கவனித்தேன், அந்த வழி சரியாக ஹாட்வெயார் கடைக்கு நேரே அமைந்துவிட்டது. கதவு அங்கேதான் வரும் என்று அவர் சொல்கிறார். இருக்கலாம்.

அடுத்த கிளினிக்கில் டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டார். மருந்தை நிறுத்தக் கூடாது, இப்போதைக்கு இடம் மாற வேண்டாம், திரும்ப வந்து காட்டணும் என்றார். இப்போதைக்கு என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். அவள் மற்றதைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறும் முன்பே அண்ணனுக்குப் போன் போட்டு, கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

என்ன காரணத்தால் குறைந்தது என்று எனக்குத் தெரியாது. வானம் விட்ட மரமா, வேலியா, உறிஞ்சுகிற மருந்தா, மழை கழுவிவிட்ட காற்றா? மழை முடிந்து பனிக்காலம் வரட்டும், புகை தரையில் படுக்கிற அந்தக் குளிர்க் காலையில் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஒரு செடிக்கு முழு நன்றியையும் இப்போதே கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனால் நேற்று அந்தியில் ஒன்று நடந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவளுக்குப் பின்னால் படி ஏறினேன். ஏறும்போதே என்னைத் திட்டிக்கொண்டு போனாள். கிழிந்த கறுப்புக் குடையை இன்னும் தைத்துக் கொடுக்கவில்லையாம், குடைக்குச் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். திட்டிக்கொண்டே திருப்பத்துக்கு வந்தாள். கல்லைத் தாண்டினாள். நான் என் வழக்கப்படி அங்கே நின்றுவிட்டேன், அவள் உட்காருவாள் என்று. அவள் மேலே போய்க் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்து, "என்னா, மூச்சு வாங்குதா?" என்றாள்.

நான் மேலே போய் அவள் கையைப் பிடித்து விரல் நுனியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்.

"கடையைப் பூட்டுற நேரத்துல எதுக்கு சோப்பு போட்டுக் கை கழுவுன?"

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காலையில் கீழே இறங்கியதும் முதல் வேலையாகக் கானில் தளிர் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.